மணல் சலிக்கும் கோபி: நீண்ட நாள் வளர்த்த அனுபவம்

கடல்நீர்த் தொட்டியில் மணலைச் சலித்துச் சுத்தம் செய்யும் டைமண்ட் கோபி மீனை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், மணல்மேல் என்ன பவளம் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ட்ரக்கிஃபில்லியா, ஸ்கோலிமியா மாதிரி தரையில் உட்காரும் பவளங்கள் நிறைய இருந்தால் இந்த மீன் வேண்டாம். நாள் முழுக்க வாய் நிறைய மணலை அள்ளி, உள்ளே இருக்கும் சின்னப் புழு பூச்சிகளை வடிகட்டிக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாகக் கொட்டும், எங்கே கொட்டுகிறோம் என்ற கவலையே அதற்குக் கிடையாது. என் தொட்டியில் தரையில் இருந்த பவளங்களைக் கடைசியில் பாறைமேல் ஏற்றிவிட்டேன், அதற்கு அப்புறம்தான் தினமும் பைப்பெட்டால் (உறிஞ்சு குழாயால்) பவளத்தின் மேல் விழுந்த மணலை ஊதித் தள்ளும் வேலை நின்றது.

சுத்தம் என்று பார்த்தால், அசத்தல். டயட்டம் என்ற நுண்பாசியின் பழுப்புப் படலத்தை மணலில் தங்கவே விடாது, வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அது படலத்தைக் கலைக்கிறதே தவிர தண்ணீரில் உள்ள நைட்ரேட், பாஸ்பேட்டைக் குறைப்பதில்லை. தொட்டி புதிது என்றால் டயட்டம் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும், அதற்காக ஒரு மீனை வாங்க ஓட வேண்டாம்.

பெரிய பிரச்சினை சாப்பாடு. மணலைச் சலித்தே பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்பார்கள். வீட்டுத் தொட்டியின் மணலில் இருக்கும் கோப்பிபாட், ஆம்பிபாட் மாதிரி குட்டி இறால் இன உயிர்கள் எல்லாம் இதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காது, கொஞ்ச நாளில் காலியாகிவிடும், மீனோ பழையபடி சலித்துக்கொண்டே இருக்கும், பார்க்கிற நமக்கு அது நன்றாகச் சாப்பிடுவது போலத் தெரியும். முன்பக்கமிருந்து வயிற்றைப் பாருங்கள், உள்வாங்கியிருந்தால் பட்டினிதான். நான் உறைந்த மைசிஸை (இறால் போன்ற குட்டி உயிர்) ஒரு நீளக் குழாய் வழியாகத் தரைக்கே இறக்கி, தினம் இரண்டு வேளை கொடுக்கிறேன், மேலே விட்டால் மற்ற மீன்கள் கீழே வர விடாது. தண்ணீரில் மூழ்கும் பெல்லட்டுக்கும் (உருண்டைத் தீனி) மெதுவாகப் பழகிவிட்டது. அதனால் கடையிலேயே உறைந்த தீனியைப் போடச் சொல்லி, அது சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சாப்பிடாத மெலிந்த மீனை இரக்கப்பட்டு எடுத்து வராதீர்கள்.

மணல் நைசாக, பொடியாக இருக்க வேண்டும். பெரிய பவளத் துண்டுகளை அதால் சலிக்க முடியாது, கூரான துகள் வாயையும் செவுளையும் கிழிக்கும். பாறையை மணல்மேல் வைக்காமல் கண்ணாடித் தரையில் நேராக உட்கார வையுங்கள். இது பாறைக்கு அடியில்தான் வளை தோண்டும், அடியில் மணல் போனால் மேலே உள்ள மொத்த அடுக்கும் சரியும். மேலே வலை மூடி கட்டாயம், ஏனென்றால் இந்தக் கோபிகள் குதிக்கும், பெரும்பாலும் விளக்கு அணைந்த பிறகு.

இதே வகையில் மஞ்சள் தலையும் கன்னத்தில் நீலக் கோடும் உள்ள கோபி ஒன்று உண்டு. அழகில் டைமண்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் அது மணலை வாயில் வைத்துக்கொண்டே மேலே நீந்தி அங்கிருந்து தூவும், பாறைமேல் ஏற்றிய பவளம்கூடத் தப்பாது. பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மணல் சலிக்கும் நட்சத்திர மீனைச் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். அது மணலில் உள்ள உயிர்களை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் பல தொட்டிகளில் பட்டினியால் சாகிறது, கோபிக்காவது நாம் ஊட்டலாம். சிறிய தொட்டி என்றால் நசாரியஸ் நத்தைகள் போதும், மணலுக்குள் புதைந்து நகர்ந்தே கிளறிவிடும். மீன்தான் வேண்டும் என்றால் மஞ்சள் வாட்ச்மேன் கோபி, கூட ஒரு பிஸ்டல் இறால். மணல் அவ்வளவு பளிச்சென்று ஆகாது, அவை தங்கள் வளையைச் சுற்றித்தான் வேலை செய்யும், ஆனால் இரண்டும் ஒரே வளையில் குடித்தனம் நடத்துவதைப் பார்க்கவே வைக்கலாம்.

டைமண்ட் கோபி 15 செ.மீ.க்கு மேல் வளரும், 200 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் நான் விடமாட்டேன். இரண்டாக வளர்க்க ஆசை என்றால் ஏற்கெனவே சேர்ந்த ஜோடியாகவே வாங்குங்கள், தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் சண்டைக்கு வாய்ப்பு அதிகம்.