சாமுவேலா, தானியேலா?

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஓடிய வழக்கு இது. பையனுக்கு சாமுவேல் என்று வைப்பதா, தானியேல் என்று வைப்பதா? மனைவி தானியேல் கட்சி, நான் சாமுவேல் கட்சி. கடைசியில் என் கட்சிதான் ஜெயித்தது. அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டும் எபிரேயப் பெயர்கள், இருவரும் தீர்க்கதரிசிகள், இரண்டு பெயரின் கடைசியிலும் கடவுளைக் குறிக்கும் 'ஏல்' உண்டு. அதில் சண்டையில்லை.

பொருள் என்று பார்த்தால் தானியேல் தெளிவு: 'கடவுளே என் நீதிபதி'. சாமுவேல் கொஞ்சம் சிக்கல். 'கடவுளின் பெயர்' என்பாரும் உண்டு, 'கடவுள் செவிசாய்த்தார்' என்பாரும் உண்டு. பெற்ற தாய் அன்னாள் சொல்லும் காரணமோ, கர்த்தரிடம் கேட்டுப் பெற்ற பிள்ளை என்பது. இப்படி வேண்டிக் கேட்பதற்கு எபிரேயத்தில் 'ஷாஅல்'. அந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கும் பெயர் சவுல், சாமுவேல் இல்லை. பிற்பாடு அதே சவுலை ராஜாவாக அபிஷேகம் செய்தவர் சாமுவேல்! அவிழாத இந்த முடிச்சு எனக்குப் பிடித்திருந்தது.

பெயரைச் சுமந்தவர்களில் தானியேல் பக்கமும் பலமானதுதான்: கணித அறிஞர் பெர்னூலி, வெப்பமானி அளவுக்குப் பெயர் தந்த ஃபாரன்ஹீட், 2002-ல் பொருளாதார நோபல் வாங்கிய கானமன். என் பக்கம், 11-ஆம் நூற்றாண்டில் கிரனாடாவின் முஸ்லிம் அரசரிடம் அமைச்சராக இருந்து, போர்க்கள அனுபவத்தை எபிரேயக் கவிதையாக்கிய சாமுவேல் ஹநகீத். 1966-ல் நோபல் பெற்ற எபிரேய எழுத்தாளர் ஷ்முவேல் யோசேப் அக்னோன். அப்புறம், 1847-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். இவர் ஒருவரே போதும் எனக்கு.

ஆனால் வழக்கைத் தீர்த்தது இதெல்லாம் இல்லை, எழுத்து. வேதாகமத்தில் தானியேல், தெருவில் டேனியல், இலங்கைப் பக்கம் டானியல். கூடப் படித்த நண்பன் ஒருவனுக்கு ஞானஸ்நானச் சான்றிதழில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி வாங்க அவன் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். பாபிலோன் அரண்மனையில் பெல்தெஷாத்சார் என்று மாற்றி எழுதிய நாளிலிருந்தே தானியேலுக்கு இந்தத் தொல்லைதான் போல. சாமுவேலுக்கு பைபிளிலும் வாயிலும் சான்றிதழிலும் அதே நாலெழுத்து.

வெளிநாட்டில் கதை மாறலாம். எபிரேயத்தில் இவன் ஷ்முவேல். தானியேலோ அரபியில் தானியால், ருஷ்யத்தில் தனீல் என்று அதிகம் உருமாறாமல் போகிறான். நாங்கள் திண்டுக்கல்லைத் தாண்டியதில்லை, அதனால் அந்தக் கணக்கை நான் போடவில்லை. பையனுக்கு இப்போது 2 வயது. பள்ளிக்கூடம் போனால் 'சாம்' என்று சுருக்குவார்களோ என்னவோ. இப்போதைக்கு எதிர்வீட்டு ஆச்சி மட்டும், பெயரின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு, 'ஏலே வேலு' என்று கூப்பிடுகிறார். அவனும் திரும்பிப் பார்க்கிறான்.