வாடகை வீடு தேடும் செயலி: இரண்டு நட்சத்திரம்

வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுச் செலவுக்கே போனால் அது கட்டுப்படியாகாத வீடு என்பது ஐ.நா. வாழிட அமைப்பின் அளவுகோல். அந்த வரம்பை வைத்துத்தான் இந்தச் செயலியில் தேடினேன். பேருந்து நிறுத்தத்தின் தூரத்தை வரைபடத்தில் காட்டுவது நல்ல வசதி. நகர விளிம்புக்குக் குடிபோனால் வாடகையில் மிஞ்சுவது பயணத்தில் கரைந்துவிடும் அல்லவா?

ஆனால் விளம்பரத்தில் இருப்பது முழு வாடகை அல்ல. பராமரிப்புக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், தரகு எல்லாம் நேரில் போன பிறகே வெளிவருகின்றன. மனத்துக்குப் பிடித்த வீடு, இவற்றைக் கூட்டியதும் என் வரம்பைத் தாண்டிவிட்டது. கைக்குழந்தையோடு வீடு தேடி அலைகிறவர்களிடம் இதை மறைப்பது அநியாயம். ஏற்கெனவே ஆள் வந்துவிட்ட வீடுகளும் பட்டியலில் அப்படியே கிடக்கின்றன.

மொத்தச் செலவை முதல் பக்கத்திலேயே காட்டினால் நான்கு நட்சத்திரம் தருவேன்.