இன்ஜின் கம்ப்யூட்டரில் சிப் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

என் கார் 1990களின் தொடக்கத்தில் வந்த மாடல், டர்போ கிடையாது. அந்தக் காலத்து இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) பலவற்றைத் திறந்தால் 28 கால்கள் கொண்ட 27சி256 இபிராம் சிப் ஒன்று இருக்கும். எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் அதிலுள்ள 32,768 பைட்டுக்குள் அடக்கம். அதைக் கழற்றிவிட்டு, திருத்திய அட்டவணை எழுதிய வேறொரு சிப்பை மாட்டுவதுதான் வேலை. ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் கொடுத்த இடத்தில் பவரும் கூடும், மைலேஜும் கூடும் என்றார்கள். இசியுவை உள்ளே எடுத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். "ஸ்டாடிக் பட்டா போர்டு போயிடும் சார்" என்று காரணம். ஸ்டாடிக் (உடம்பில் சேரும் நிலைமின்சாரம்) பயம் உண்மைதான். ஆனால் அதற்குக் கையில் பட்டை கட்டிக்கொள்வார்கள், கதவைச் சாத்த மாட்டார்கள். பழைய சிப்பைக் கேட்டேன். எடுக்கும்போதே உடைந்துவிட்டதாம்.

முதலில் பிக்கப் கொஞ்சம் கூடின மாதிரித்தான் இருந்தது. அப்புறம் ஸ்டார்ட் செய்தாலே பெட்ரோல் வாடை, ஸ்பார்க் பிளக்கெல்லாம் கரி. மைலேஜ் இறங்கியது. சூடானால் சிக்னலில் அப்படியே நின்றுபோகும். கேட்டதற்கு, "இன்ஜின் புது மேப்புக்குப் பழகணும், ஓட்டுங்க" என்றார்கள். மேப் என்பது அந்த அட்டவணைதான், சிப்பில் எழுதியது எழுதியபடிதான் இருக்கும். பழகுவதெல்லாம், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து இசியு செய்துகொள்ளும் சிறு திருத்தம். நின்றுபோகிற காரை அது ஓட வைக்காது.

எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் சிப்பை ரீடரில் வைத்துப் படித்து, அதே மாடலின் ஒரிஜினல் ஃபைலோடு ஒப்பிட்டார். ஒரு பைட் கூட மாறவில்லை. மேலே ஒட்டிய பளபள ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு. (அதைக் குறை சொல்ல முடியாது. இபிராமின் கண்ணாடிச் சாளரத்தில் புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழியும், மூடித்தான் வைக்க வேண்டும். அவர்கள் சரியாகச் செய்த ஒரே வேலை அது.)

அப்படியென்றால் அந்தப் பிக்கப்? உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரின் வயரில் புதிதாகக் கருப்பு டேப். பிரித்தால் உள்ளே சாதாரண ரெசிஸ்டர் (மின்தடை தரும் சிறு பாகம்) ஒன்று. இந்தச் சென்சாருக்குக் குளிர்ந்தால் மின்தடை கூடும். ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துவிட்டால், காற்று குளிர்ந்து அடர்த்தியாக வருகிறது என்று இசியு நம்பி, பெட்ரோலைக் கூடுதலாக விடும். சீராக ஓடும்போது ஆக்சிஜன் சென்சார் அதைக் குறைத்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போதும் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் அதன் பேச்சை இசியு கேட்பதில்லை. அந்தப் பிக்கப்பும் கரியும் அங்கிருந்து வந்தவைதான்.

போர்டைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. அளவுக்கு மீறிச் சூடு காட்டி, ஈயம் உறிஞ்சும்போது செம்புத் தடங்களைப் பிய்த்திருக்கிறார்கள். சிப்பை மாட்டும் சாக்கெட்டின் சில கால்கள் பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. சூடேறியதும் தொடர்பு விடும், கார் நிற்கும்.

கொடுப்பதாக இருந்தால், சிப்பைத் தொடும் முன்பே அதிலுள்ள ஃபைலைப் படித்து ஒரு காப்பி கொடுக்கச் சொல்லுங்கள். எந்த இடங்களை மாற்றினார்கள் என்று திரையில் ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் மாற்றியவருக்கு அது சின்ன வேலை. பழைய சிப் கைக்கு வர வேண்டும். டர்போ இல்லாத இன்ஜினில் ஃபைலை மட்டும் மாற்றிக் கிடைக்கும் பவர் சொற்பம். பிற்காலக் கார்களில் ஃப்ளாஷ் மெமரி வந்துவிட்டது, பெரும்பாலும் சிப்பைக் கழற்றாமலே எழுதலாம். அந்தக் காருக்கும் "சிப் மாத்தணும்" என்பவரிடம் ஏன் என்று கேளுங்கள். ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) சும்மா செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் டப்பாக்கள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே மினுக்கும் எல்இடிதான் இருக்கும்.

ரெசிஸ்டரையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "வெளியே யாரோ திறந்திருக்காங்க, வாரண்டி கிடையாது" என்றார்கள். பிய்ந்த தடங்களுக்கு நண்பர் வயர் இழுத்து, சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தார். ரெசிஸ்டரைக் கழற்றியாயிற்று. கார் இப்போது நிற்பதில்லை. கொடுத்த பணம்தான் இன்னும் வரவில்லை.