உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு: மூன்று மாலை ஆயத்தமும் இரண்டு ஆண்டுப் பயன்பாடும்

உபுண்டுவும் டெபியனும் லினக்ஸ் வகை இயங்குதளங்கள். என் மடிக்கணினியில் இருந்த உபுண்டு 18.04 பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2023 மே மாதத்துடன் முடிந்தது. ஜூன் 10ஆம் தேதி டெபியன் 12 வெளிவந்தது. காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே கணக்கெழுதும் வேலையும் தமிழ்த் தட்டச்சும் செய்துவரும் நான், அந்த மாதக் கடைசியில் என் மடிக்கணினியை டெபியனுக்கு மாற்றினேன். நிறுவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆயத்தத்திற்கு மட்டும் மூன்று மாலைகள் பிடித்தன.

ஆவணங்களையும் படங்களையும் நகலெடுக்க யாரும் மறப்பதில்லை. பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைந்திருக்கும் கோப்புறைகள்தான் விடுபட்டுப் போகும். கோப்பு உலாவியில் கன்ட்ரோலையும் எச் விசையையும் சேர்த்து அழுத்திப் பார்த்தபோது, தண்டர்பேர்ட் மின்னஞ்சல்கள், வாடிக்கையாளரின் சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி, நான் சேர்த்து வைத்திருந்த வானவில் எழுத்துருக்கள் எல்லாம் அங்கேதான் இருந்தன. அந்த எழுத்துருக்களை இழந்திருந்தால் பெரிய வம்பாகியிருக்கும். யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த திருமண அழைப்பிதழ்கள், அவை இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும்தான் தெரியும்.

எல்லாவற்றையும் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த வெளி வன்தட்டுக்கு அப்படியே இழுத்துப் போட்டது என் முதல் தவறு. அந்த முறை லினக்ஸின் கோப்பு அனுமதிகளைச் சேமிப்பதில்லை. திரும்ப எடுத்து வைத்த எஸ்எஸ்எச் சாவியை எவரும் படிக்கலாம் என்ற நிலை வந்துவிட்டதால், அனுமதி மிகத் தளர்வாக இருக்கிறது என்று சொல்லி அதைப் பயன்படுத்தவே நிரல் மறுத்தது. அனுமதியை 600 என, அதாவது உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடியும்படி, மாற்றியதும் சரியாயிற்று. எல்லாவற்றையும் அனுமதிகளோடு ஒரே டார் கோப்பாகக் கட்டி நகலெடுத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இரண்டாவது தவறு ஃபயர்பாக்ஸில். உபுண்டுவில் நான் வைத்திருந்தது அப்போதைய புதிய பதிப்பு. டெபியன் 12 தந்ததோ நீண்டகால ஆதரவுள்ள 102. புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் இருக்கும் சுயவிவரக் கோப்புறையைப் புதிய பதிப்பு தொட்டுவிட்டால் பழைய பதிப்பு திறக்காது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. புத்தகக்குறிகளை எச்டிஎம்எல் கோப்பாகத் தனியே எடுத்து வைத்திருந்ததால் அவை தப்பின; கடவுச்சொற்களை எடுத்து வைக்கவில்லை. சில மாதங்களில் 115 வந்த பிறகே பழைய சுயவிவரம் திறந்தது. அதுவரை கடவுச்சொற்களைக் குறித்து வைத்த டைரியைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வைஃபை பற்றிய என் அச்சம் வீணாயிற்று. வைஃபை போன்ற சாதனங்கள் இயங்கத் தேவையான, கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே சேர்த்து வழங்கிய முதல் டெபியன் பதிப்பு இதுதான். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் ஏற்றி, வைஃபை, ஒலி, திரை வெளிச்சம் ஆகியவற்றைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் பார்ட்டிஷனில் கை வைத்தேன். பேட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்காது என்பதால், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளைத் தவிர்த்து, விடியற்காலையில் உட்கார்ந்தேன். வேலூர் வெயிலில் அந்தப் பழைய விசிறி இரைவதைக் கேட்டவர்களுக்கு விடியற்காலை ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிறுவும்போது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை வெற்றாக விட்டால், நிர்வாகியாகக் கட்டளையிடும் சுடோ அதிகாரம் நம் பயனர் கணக்குக்கே கிடைத்துவிடும். இதை அறியாத என் மைத்துனர் குடியாத்தத்தில் தம் கணினியில் ரூட்டுக்குக் கடவுச்சொல் கொடுத்துவிட்டு, சுடோ வேலை செய்யவில்லை என்று இரவு பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் தொகுப்பு போதுமானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு இன்னும் மாறவில்லை. அதில் டிஎம்பி என்ற தற்காலிகக் கோப்புறை இயல்பாகவே ரேமில் அமைகிறது. ஸ்கேன் செய்த பக்கங்களை அங்கே குவித்து வைப்பது என் வழக்கம், ரேமோ 4 ஜிபி. அந்தக் கோப்புறையைக் காலி செய்து, மறைந்த கோப்புறைகளை மீண்டும் டார் கோப்பாகக் கட்டும் வேலை இந்த வாரம் நடந்துகொண்டிருக்கிறது.