ஆர்வெல்லை மறுவாசிக்க: பெண்ணிய நோக்கா, பின்காலனிய நோக்கா?

சான்று: ஸ்பானிய உள்நாட்டுப் போர் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1938இல் வெளியிட்ட நூலில், பார்சிலோனாவில் கட்சி அலுவலகத்தில் பணியாற்றிய அவர் மனைவி ஐலீன் பெயரின்றி ‘என் மனைவி’யாகவே வருவதைப் பெண்ணிய நோக்கு சுட்டுகிறது. காலனி ஆட்சியின் தாக்கத்தை ஆராயும் பின்காலனிய நோக்கு, 1922 முதல் 1927 வரை ஆர்வெல் பர்மாவில் பிரிட்டிஷ் பேரரசின் காவல் அதிகாரியாக இருந்த காலத்தைப் பற்றிக்கொள்கிறது.

எளிமை: பின்காலனிய நோக்குக்கு வேலை எளிது; பர்மாவில் யானையைச் சுட்டது பற்றிய கட்டுரையில், பேரரசை வெறுத்த தாமே தம்மைக் கேலிசெய்த பர்மியரையும் வெறுத்ததாக அவரே வாக்குமூலம் தந்துவிடுகிறார், ஐலீனை அறியவோ அவருடைய கடிதங்களைத் தேடிப் போக வேண்டும்.

ஒரு நோக்கை மட்டும் எடுத்தால், 1934இல் வந்த பர்மா நாவலில் வெள்ளை வணிகன் முந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் பின் விரட்டிய பர்மியப் பெண் மா ஹ்லா மே பாதிதான் தெரிவாள்.

பேரரசு எதிர்ப்பை எடைபோடுவோர்க்குப் பின்காலனிய நோக்கு போதும். அந்த நேர்மை வீட்டுக்குள் நுழைந்ததா என்று கேட்போர்க்குப் பெண்ணிய நோக்கே பொருந்தும்.