புரோத்தன் சங்கிலியா, காபன் சுற்றா? விண்மீன் ஒளிர இரண்டு வழி

வைகாசியில் இரவு பத்து மணியளவில் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் நின்று தண்ணீருக்கு மேலால் நேர் தெற்கே பார்த்தால், அதிக உயரமில்லாமல் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இடதுபக்கம் அல்பா சென்டாரி, வலதுபக்கம் பீட்டா சென்டாரி. இரண்டுமே ஐதரசனை ஈலியமாக்கித்தான் ஒளிர்கின்றன என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறோம். ஆனால் இடதுபக்கத்தது பெரும்பாலும் ஒரு வழியில் போகிறது, வலதுபக்கத்தது முற்றிலும் வேறு வழியில்.

முதல் வழி புரோத்தன் சங்கிலி. எங்கள் சூரியனும் இதில்தான் ஓடுகிறது, அதன் சக்தியில் ஏறத்தாழ 99 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது. புரோத்தன் என்பது ஐதரசனின் கரு. இரண்டு புரோத்தன்கள் மோதி, அந்தக் கணத்துக்குள்ளேயே ஒன்று நியூத்திரனாக மாறினால்தான் பார ஐதரசன் கிடைக்கும். இது அவ்வளவு அரிதாக நடப்பதால் சூரியனின் மையத்தில் ஒரு புரோத்தன் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தப் படி தாண்டிவிட்டால் மிச்சம் வேகம்: சில விநாடிகளில் இன்னொரு புரோத்தன் சேர்ந்து ஈலியம்-3 வரும், பிறகு பெரும்பாலும் இரண்டு ஈலியம்-3 சேர்ந்து ஈலியம்-4 ஆகும். ஒவ்வொரு புரோத்தனும் இவ்வளவு மெதுவாக இருந்தும் சூரியன் விநாடிக்கு ஏறக்குறைய 60 கோடி தொன் ஐதரசனை ஈலியமாக்குகிறது, அதில் 40 லட்சம் தொன்னுக்கு மேல் திணிவு சக்தியாக வெளியேறுகிறது. அங்கே இருக்கும் ஐதரசன் அவ்வளவு!

இரண்டாவது வழி காபன் சுற்று. வயலுக்கும் மில்லுக்கும் இடையில் ஓடும் லாண்ட்மாஸ்டர் மாதிரித்தான் இதில் காபன்-12. ஒவ்வொன்றாக நான்கு புரோத்தன்களை ஏற்றிக்கொண்டு, நடுவில் நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் மாறி, கடைசியில் ஒரு ஈலியத்தை இறக்கிவிட்டு மறுபடி காபனாகத் திரும்பும். 1938, 1939 காலத்தில் பௌதிகவியலாளர்களான வைஸ்சாக்கரும் ஹான்ஸ் பெத்தேயும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். பெத்தேக்கு 1967 இல் நோபல் பரிசும் கிடைத்தது.

முக்கியமான வித்தியாசம் வெப்பநிலையில்தான் இருக்கிறது. காபன் கருவின் நேர்மின்னேற்றம் ஆறு மடங்கு என்பதால் புரோத்தனை அது பலமாகத் தள்ளும், நெருங்க அதிக சூடு வேண்டும். மையத்தின் வெப்பநிலை 10 சதவீதம் கூடினால் புரோத்தன் சங்கிலியின் வேகம் ஒன்றரை மடங்களவுக்குத்தான் கூடும், காபன் சுற்றோ ஐந்து மடங்காகும். சூரியனின் மையம் 1.57 கோடி கெல்வின். இன்னும் இருபது முப்பது லட்சம் கூடியிருந்தால் காபன் சுற்று முந்தியிருக்கும். சூரியனைவிடக் கொஞ்சம் பாரமான விண்மீன்களிலேயே இது நடந்துவிடுகிறது. பீட்டா சென்டாரி கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உண்மையில் ஒரு விண்மீன் கூட்டு. அதிலுள்ள பெரிய விண்மீன்கள் சூரியனின் பத்து மடங்குக்கு மேல் பாரமானவை, அங்கே போட்டியே கிடையாது.

இந்த இடத்தில்தான் பலர் தவறான முடிவுக்குப் போகிறார்கள். காபன் சுற்று வேகமானது, அதனால்தான் பெரிய விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளில் தீர்ந்துபோகின்றன, சூரியனோ 1000 கோடி ஆண்டு தாங்கும் என்பார்கள். அது சரியில்லை. ஒரு விண்மீன் எவ்வளவு ஒளியைக் கசியவிடுகிறது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் திணிவு. கரு இணைவு அந்தக் கசிவை ஈடுசெய்கிறது, அவ்வளவுதான். காபனே இல்லாவிட்டால் அந்த விண்மீன் கொஞ்சம் சுருங்கி, இன்னும் சூடாகி, வேறு வழியில் கிட்டத்தட்ட அதே சக்தியைக் கொடுத்திருக்கும். ஆகவே ஆயுள் கணக்கில் காபன் சுற்றைக் குற்றவாளியாக்காதீர்கள்.

வழியின் தாக்கம் உள்ளமைப்பில் தெரியும். காபன் சுற்றில் சக்தி நடுமையத்தில் குவிவதால் அங்கே வாயு கொதித்துக் கலக்கிறது. சூரியனின் மையம் அமைதியாக இருக்கிறது, கலங்குவது வெளிப்பகுதிதான். சூரியனின் மையத்தில் பிறந்த சக்தி காமாக் கதிராகத் தொடங்கி, மோதி மோதித் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மேற்பரப்புக்கு வரப் பல்லாயிரம் ஆண்டுகளாகும், பிறகு எங்களிடம் வர எட்டு நிமிடமும் சொச்சமும்தான். அதே இணைவில் பிறக்கும் நியூத்திரினோ என்ற நுண்துகளோ அநேகமாக எதிலும் மோதாமல் நேரே வந்துவிடும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த பொரெக்சினோ கருவி சங்கிலியின் முதற்படி நியூத்திரினோக்களை 2014 இலும், சூரியனுக்குள் நடக்கும் சிறிதளவு காபன் சுற்றின் நியூத்திரினோக்களை 2020 இலும் நேரடியாகப் பிடித்தது. பெத்தேயின் காகிதக் கணக்கு எண்பது ஆண்டு கழித்து உறுதியான அந்தச் செய்தி எனக்கு இப்போதும் புல்லரிப்புத்தான்.

எது உயர்ந்தது என்று கேட்டால், சுயமாகத் தொடங்கக்கூடியது புரோத்தன் சங்கிலிதான், அதற்கு ஐதரசன் மட்டும் போதும், முன்பே யாரோ செய்துவைத்த காபன் தேவையில்லை. ஆனாலும் என் வாக்கு காபன் சுற்றுக்கே. அதன் மிக மெதுவான படி நைதரசன்-14 புரோத்தனைப் பிடிப்பது, அதனால் சுற்றில் போன காபனில் பெரும்பகுதி நைதரசனாகத் தேங்கிவிடுகிறது. பிரபஞ்சத்து நைதரசனில் மிகப் பெரும்பங்கு இப்படித் தேங்கி, பழைய விண்மீன்கள் தங்கள் வெளிப்படைகளை உதறியபோது வெளியே வந்தது. காலபோகத்தில் கிளிநொச்சி வயல்களுக்கு எறிகிற யூரியாவில் இருக்கும் நைதரசனும் அதே வழியில் வந்ததுதான்.