ப்ளம்ஸ் ஜாமுக்கு வாங்கிய தெர்மாமீட்டர்: இரண்டு சீசன் பார்த்த பிறகு

குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரே ஒரு ப்ளம்ஸ் மரம் நிற்கிறது. மே கடைசியில் பழுக்க ஆரம்பித்தால் மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். குரங்கு தின்றது போக எங்களுக்குப் பதினைந்து கிலோவாவது தேறும். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டிலும் அதே பழம்தான். அதனால் வருஷா வருஷம் ஜாம். அதற்காகவே போன சீசனில் ஆன்லைனில் 450 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒரு சாண் நீள எஃகு ஊசி, தலையில் சின்னத் திரை, உள்ளே பொத்தான் பேட்டரி.

பெட்டிக்குள் இருந்த அட்டையில் ஜாமுக்கு 104 டிகிரி என்று அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி இரண்டு கிலோ பழத்தைக் காய்ச்சினேன். 98 வரை வேகமாக ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் காத்துக் கிடந்தேன். 104 காட்டுவதற்குள் அந்த அழகான சிவப்பு பழுப்பாகிவிட்டது. ஆறியதும் பாட்டிலில் கரண்டி இறங்கவில்லை. ஐந்து பாட்டில் ஜாமும் முற்றிய பாகாகிவிட்டது. ஒரு வருஷம் காத்திருந்து பறித்த பழம், மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

கருவிதான் கோளாறு என்று நினைத்துச் சோதித்துப் பார்த்தேன். ஐஸ் போட்ட தண்ணீரில் 0.3 காட்டியது. சரிதான். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 94 காட்டியது, அதற்கு மேல் அசையவே இல்லை. அப்போதுதான் பிடிபட்டது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால், 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். ஜாமுக்கும் அதே கணக்குதான் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

ஜாம் பதத்துக்கு வரும்போது அதில் நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை இருக்கும். அந்த அளவு சர்க்கரை சேர்ந்த கலவை, வெறும் தண்ணீரைவிட நாலு, நாலரை டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். கடலோரத்தில் 104, 104.5 என்றால் எங்கள் அடுப்பில் 98, 98.5. நான் அதற்கு மேலும் ஐந்தரை டிகிரி ஏற்றியிருக்கிறேன். அந்த அட்டையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மலையூர்களுக்கும் விற்கிற பொருளில் இது பெரிய குறை என்றே சொல்வேன்.

இந்த வருஷம் 98.5-ல் நிறுத்தினேன். அப்படி ஒரு ஜாம் என் கையால் இதுவரை வந்ததில்லை. பழத்தில் நாலில் ஒரு பங்கு சற்றுக் காயாக இருக்கும்படி எடுத்தேன். ஜாம் கட்டுவதற்கான பெக்டின் காயில்தான் அதிகம். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டுத் தோலோடு வேகவைத்து, கொட்டைகளைத் துளைக்கரண்டியால் அள்ளிவிட்டு, கூழை எடை போட்டு, கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை. தோல் நன்றாக மசிந்த பிறகுதான் சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். ப்ளம்ஸ் தோலிலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை தேவைப்படவில்லை. திரையில் 98 வந்ததும் தீயைக் குறைத்து, ஃபிரீசரில் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்த்தேன். மேலே லேசாகச் சுருக்கம் விழுந்தது. இன்னும் அரை டிகிரி, அடுப்பை அணைத்தேன். நிறம் அப்படியே மரத்தில் இருந்த நிறம்.

திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்கும் இதே தெர்மாமீட்டரை வாங்கி அனுப்பினேன். கொல்லைக் கொய்யாவில் ஜெல்லி செய்தாள். அங்கே 104-லேயே சரியாகக் கட்டிவிட்டது என்றாள்.

கையாள்வதில் சில தொல்லைகள் உண்டு. பத்து நிமிஷத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ஜாமுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், கிளறிக்கொண்டே திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்த வேண்டும். சட்டியில் மாட்ட கொக்கி இல்லை. துணி கிளிப்பால் மரக்கரண்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன், ஊசி அடியைத் தொடாமல் நடுவில் நிற்க அதுதான் வசதி. தொட்டால் சட்டியின் சூட்டைத்தான் காட்டும். திரைக்குள் ஆவி புகுந்துவிடும் என்பதால் நேர் மேலே நீட்டாமல் சாய்த்துப் பிடியுங்கள். எண் நிலைக்க ஆறேழு விநாடி ஆகிறது, அது பரவாயில்லை.

இந்த விலைக்கு நிச்சயம் வாங்கலாம். ஆனால் வந்த அன்றே ஒரு பாத்திரம் தண்ணீரைக் கொதிக்கவைத்து உங்கள் ஊரில் எத்தனை டிகிரி என்று அளந்துவிடுங்கள், நாலரை கூட்டிக்கொள்ளுங்கள். நான் அட்டையில் இருந்த 104-ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் 98.5 என்று எழுதிச் சர்க்கரை டப்பா மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.